1907 எஸ்கில்ஸ்டூனா கார்பைன்: புதுப்பிக்கலாமா, விட்டுவிடலாமா?

வெஸ்தெரோஸ்வாசி

அனைவருக்கும் வணக்கம். ஆறு வருடமாகத் துப்பாக்கி சுடும் கழகத்தில் இருக்கிறேன். போன மாதம் போலீஸ் உரிமம் கைக்கு வந்தது. மறுநாளே போய், கடையில் எனக்காக ஒதுக்கி வைத்திருந்த கார்பைனை, அதாவது குட்டைக் குழல் துப்பாக்கியை, எடுத்துவந்துவிட்டேன். சுவீடன் ராணுவத்தின் எம்/94 (1894 மாதிரி) மௌசர், 6.5 மி.மீ. யாரோ ஒரு பெரியவர் இறந்தபின் அவர் வீட்டிலிருந்து கடைக்கு வந்த சரக்கு.

ரிசீவர் (குழலும் போல்ட்டும் பொருந்தும் இரும்புக் கூடு) வளையத்தில் மகுடம், அதன் கீழே எஸ்கில்ஸ்டூனா அரசு ஆலையின் பெயர் 'கார்ல் குஸ்டாஃப்ஸ் ஸ்டாட்ஸ் கெவேர்ஸ்ஃபாக்டொரி', 1907. அடிக்கட்டையின் வலப்பக்கம் ஒரு பித்தளை வட்டு. குழலின் முனையில் துப்பாக்கிச் சனியன் மாட்டும் இரும்பு மூக்கு, அதில் செந்துரு. கட்டை முழுவதும் கெட்டியான, பளபளக்கும் வார்னிஷ்; கல்யாண மண்டப நாற்காலி மாதிரி இருக்கிறது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் பிடியில் உள்ள எண் ரிசீவர் எண்ணோடு பொருந்தவில்லை.

என் திட்டம் இது: உப்புத்தாள் போட்டுக் கட்டையைத் தேய்த்து நசுங்கல்களை எல்லாம் எடுத்துவிட்டுப் புது வார்னிஷ் அடிப்பது. குழல், ரிசீவர், போல்ட் எல்லாவற்றுக்கும் கருநீல மெருகு கொடுப்பது. பித்தளை வட்டைக் கழற்றிப் பளிச்சென்று தேய்த்து மாட்டுவது. 1907-இல் தொழிற்சாலையை விட்டு வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி ஆக்கிவிட வேண்டும். எந்த எண் உப்புத்தாளில் தொடங்கலாம்?

பழைய இரும்பு

எந்த எண்ணிலும் தொடங்காதீர்கள். அந்த உப்புத்தாளை மடித்து வீட்டில் யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

கோபமாக எழுதுவதாக நினைக்க வேண்டாம், தம்பி. பதினைந்து வருடமாக இந்தக் கார்பைன்களைச் சேர்க்கிறேன். என் முதல் துப்பாக்கியை நானே இப்படித்தான் பாழாக்கினேன். கட்டையில் குத்தியிருந்த மகுட முத்திரையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் தேய்த்து அழித்துவிட்டு, வழவழப்பாக இருக்கிறது என்று பெருமையாகப் படம் எடுத்துப் போட்டேன். ஒருவர் பதிலுக்கு, 'நல்ல மேசைக்கால்' என்று மட்டும் எழுதினார்.

உங்கள் கையில் இருப்பது என்ன என்று முதலில் பாருங்கள். எம்/94 குதிரைப்படைக்காகச் செய்யப்பட்ட குட்டைத் துப்பாக்கி. குழல் 45 செ.மீ., மொத்த நீளம் 95 செ.மீ. குதிரை மேல் இருப்பவன் தோளில் குறுக்கே போட்டுக்கொள்ள வசதியாக வார் மாட்டும் இடம் இடப்பக்கம், போல்ட் பிடி கீழ்நோக்கி வளைந்தது. முதல் 12,000 சொச்சம் ஜெர்மனியில் ஓபர்ன்டார்ஃபில் மௌசர் ஆலையிலேயே செய்யப்பட்டவை. எஃகு இன்ன தரத்தில் இருக்க வேண்டும் என்று சுவீடன் நிபந்தனை போட்டிருந்தது. 1898 முதல் எஸ்கில்ஸ்டூனாவில் அரசின் சொந்த ஆலையில் செய்தார்கள்.

இப்போது உங்கள் துப்பாக்கிக்கு வருகிறேன். ரிசீவரில் 1907. ஆனால் சனியன் மாட்டும் மூக்கு 1907-இல் கிடையாது. குதிரைப்படைக்காரனுக்கு வாள் இருந்தது, சனியன் தேவைப்படவில்லை. பீரங்கிப் படைக்கும் மற்றவர்களுக்கும் கார்பைன் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் 1914-இல் அந்த மூக்கு வந்தது. அதன் பிறகு பெயரே எம்/94-14 ஆகிவிட்டது. ஆக, உங்களுடையது ஒருமுறை ஆயுதசாலைக்குத் திரும்பிப் போய் மூக்கு மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

பித்தளை வட்டு இன்னும் பிந்தியது. அதில் 'டொர்பேட்' என்ற சொல் இருக்கிறதா? இருந்தால் அது எம்/41 தோட்டாவைக் குறிக்கிறது. பழைய தோட்டாவின் குண்டு மொட்டை முனை, 10.1 கிராம். 1941-இல் வந்தது கூர் முனை, படகு வால் (பின்பக்கம் ஒடுங்கியது), 9 கிராம். இரண்டும் ஒரே இடத்தில் விழாது. அதனால் ஒவ்வொரு துப்பாக்கியையும் சுட்டுப் பார்த்து, எவ்வளவு மேலே அடிக்கிறது என்பதை வட்டில் முக்கோணப் பொட்டு குத்திக் காட்டினார்கள். அளவு 'ஸ்ட்ரெக்' என்ற கோண அலகுக் கணக்கு. (சுவீடன்காரர்கள் ஒரு வட்டத்தை 6300 ஸ்ட்ரெக்காகப் பிரித்தார்கள், நேட்டோ 6400-ஆகப் பிரிக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, ஆனால் எனக்குப் பிடிக்கும்.)

எனவே என் கேள்வி இதுதான்: எந்த ஆண்டுக்குப் புதுப்பிக்கப் போகிறீர்கள்? 1907 என்றால் மூக்கை வெட்டி எறிய வேண்டும், வட்டைப் பிடுங்கி ஓட்டையை அடைக்க வேண்டும். 1914 என்றால் வட்டு மட்டும் போக வேண்டும். இரண்டும் இருக்கட்டும் என்றால் நீங்கள் 1907-ஐப் பற்றிப் பேசவே முடியாது.

இன்னொன்று. போல்ட்டுக்கு மெருகு கொடுக்கவே கொடுக்காதீர்கள். சுவீடன் மௌசர் போல்ட் பிறந்ததிலிருந்து வெள்ளை எஃகு. கருநீல போல்ட் மாட்டிய எம்/94-ஐப் பார்த்தாலே பின்னால் வந்தவர் கைவரிசை என்று தெரிந்துவிடும்.

வெஸ்தெரோஸ்வாசி

ஐயா, 'டொர்பேட்' என்று இருக்கிறது. இன்னொரு பக்கத்தில் 1, 2, 3 என்று எண்கள். 1-க்கு மேல் சிறிய முக்கோணக் குத்து. அது என்ன?

பழைய இரும்பு

குழலின் உள்நிலை. குத்தே இல்லாவிட்டால் புதிது போல. 1 என்றால் சிறிய குறை. 3 வந்தால் துரு நன்றாகக் கடித்திருக்கிறது, ஆனால் சுடும். உங்களுடையது நல்ல குழல்தான். அதோடு குழல் எத்தனை மி.மீ. அகலம் என்பதும் அந்த வட்டிலேயே இருக்கும். ராணுவம் தன் துப்பாக்கியின் மருத்துவச் சீட்டைத் துப்பாக்கியின் மீதே ஆணி அடித்து வைத்தது. அதைத்தான் பளிச்சென்று தேய்க்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். பித்தளை மெருகுப் பசையால் நாலு தடவை தேய்த்தால் பொட்டு மழுங்கிவிடும்.

மரவண்டு

நான் தச்சன். துப்பாக்கியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

வார்னிஷை எடுக்கத் தேய்க்க வேண்டியதில்லை. முதலில் அது என்ன என்று பாருங்கள். அடித்தகட்டைக் கழற்றினால் அதன் கீழே யார் கண்ணிலும் படாத இடம் இருக்கும். அங்கே பஞ்சைச் சாராயத்தில், அதாவது எத்தனாலில், நனைத்து அரை நிமிடம் வையுங்கள். ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தால் அரக்கு மெருகு. அப்படியே சாராயத்தில் துடைத்தே எடுத்துவிடலாம். அசையாவிட்டால் நவீன வார்னிஷ். கூழாக விற்கும் வார்னிஷ் நீக்கியைத் தடவி, கனமான துணியால் துடையுங்கள். சுரண்டும் தகடு வேண்டாம். முத்திரை இருக்கும் இடத்தில் பழைய பல்துலக்கி போதும்.

நசுங்கலுக்கு ஈரத்துணி, அதன் மேல் இஸ்திரிப்பெட்டி முனை. மரநார் உடைந்திருக்காமல் வெறுமனே அமுங்கியிருந்தால் நீராவி பட்டதும் எழும்பிவிடும். ஆனால் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன்: முத்திரையும் ஒரு நசுங்கல்தான். நீராவிக்கு இது உளிப் பள்ளம், இது அரசு முத்திரை என்ற பேதம் தெரியாது. முத்திரைக்கு நாலு விரல் தள்ளியே நில்லுங்கள்.

பிறகு பூச வேண்டியது ஆளிவிதை எண்ணெய். ராணுவமும் அதைத்தான் பூசியது என்று சொல்கிறார்கள். மிக மெல்லியதாக, உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்து, ஒரு நாள் விட்டு மறுபடியும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்குங்கள். பட்டறையில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கட்டை என்ன மரம்?

வெஸ்தெரோஸ்வாசி

வார்னிஷுக்குக் கீழே கரும்பழுப்பாகத் தெரிகிறது. வால்நட் என்று கடையில் சொன்னார்கள்.

மரவண்டு

கடையில் சொல்வார்கள். வார்னிஷ் போனபின் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நீளநீளமாகக் கறுத்த துளைக்கோடுகள் ஓடினால் வால்நட். எள் தூவியது போலக் குட்டையான கறுத்த புள்ளிகள் தெரிந்தால் பீச்.

ஹட்சன்கரை

நான் அமெரிக்காவிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் எதிர்க்கட்சியாக இருந்துவிட்டுப் போகிறேன்.

இங்கே 1898 வரை செய்யப்பட்ட துப்பாக்கி கூட்டரசுச் சட்டத்தில் பழம்பொருள். ரிசீவரில் உள்ள ஆண்டுதான் கணக்கு. அதனால் ஓபர்ன்டார்ஃப் கார்பைன் அத்தனையும் அந்தக் கோட்டுக்குள் வந்துவிடும். எஸ்கில்ஸ்டூனாவில் 1898 வந்துவிடும், 1899 வராது. ஓர் ஆண்டு வித்தியாசத்தில் விலை எங்கேயோ போய்விடுகிறது. எஃகு அதே எஃகுதான்.

என்னிடம் 1896 ஓபர்ன்டார்ஃப் ஒன்று இருக்கிறது. என்னிடம் வருவதற்கு முன்பே யாரோ மான் வேட்டைக்காகக் கட்டையின் முன்பாதியை அறுத்து எறிந்துவிட்டிருந்தார்கள். இரும்பெல்லாம் எண் பொருந்துகிறது, மரம் மட்டும் அரைமரம். நான் வேறொரு பழைய முழுக்கட்டையைத் தேடி வாங்கி மாட்டினேன். பழைய இரும்பு ஐயாவின் கணக்குப்படி நான் செய்தது குற்றமா? அறுத்தவனின் ரம்பத்தையும் வரலாறு என்று சொல்லிக் கும்பிட வேண்டுமா?

தொடாதே, தொடாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தால் துருதான் ஜெயிக்கும்.

பழைய இரும்பு

ரம்பத்தைக் கும்பிடச் சொல்லவில்லை. இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறீர்கள். ராணுவம் தன் வேலைக்காகச் செய்த மாற்றம் ஒன்று; ராணுவத்தை விட்டு வந்தபின் வீட்டுக் கொட்டகையில் நடந்தது இன்னொன்று. வெஸ்தெரோஸ்வாசியின் வார்னிஷை எடுக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அது கொட்டகை வேலை. எடுக்கட்டும். மூக்கும் வட்டும் ஆயுதசாலை வேலை. அவை இருக்க வேண்டும்.

உங்கள் 1896-க்கு வேறு கட்டை மாட்டியது சரியே. விற்கும்போது அதைச் சொல்வீர்களா?

ஹட்சன்கரை

சொல்வேன். அறுந்த கட்டையையும் வைத்திருக்கிறேன்.

பழைய இரும்பு

அப்படியானால் நமக்குள் சண்டையே இல்லை.

ஆஸ்லோ அண்ணாச்சி

இடையில் நார்வே கொடியையும் நட்டுவிட்டுப் போகிறேன். இந்தக் கார்பைன் சுடும் 6.5×55 தோட்டா சுவீடனுக்கு மட்டும் சொந்தமில்லை. 1905 வரை இரு நாடுகளும் ஒரே மன்னரின் கீழ் இருந்தன. தோட்டாவைக் கூட்டுக் குழு போட்டு முடிவு செய்தார்கள். ஒரே தோட்டா என்பது வரை ஒற்றுமை. துப்பாக்கி என்று வந்ததும் ஆளுக்கொரு வழி: சுவீடன் மௌசரை எடுத்தது, நார்வே காங்ஸ்பெர்கில் கிராக்-யோர்கென்சன் செய்தது. கிராக் போல்ட் வெண்ணெயில் கத்தி போனது போல நகரும். மௌசரை மூடும்போதுதான் சுருள்வில் இறுகும், கடைசியில் ஓர் அழுத்து வேண்டியிருக்கும். வெஸ்தெரோஸ்வாசி, அதைப் பழுது என்று நினைத்துக்கொண்டு எண்ணெய் ஊற்றாதீர்கள். அதன் குணமே அப்படித்தான்.

உறையூர்

என் அப்பா போலீஸில் ஏட்டாக இருந்தார். சின்ன வயதில் நான் பக்கத்தில் பார்த்த ஒரே துப்பாக்கி அவர் காவலுக்கு எடுத்துப்போன 303. வெஸ்தெரோஸ்வாசி போட்ட படத்தில் முன்மூக்கைப் பார்த்ததும் 303 ஞாபகம்தான் வந்தது. ஏதாவது உறவா, வெறும் பிரமையா?

அப்படியே இன்னொன்று: இதுபோல ஒன்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்து வரவேற்பறையில் மாட்டிவைக்க முடியுமா?

பழைய இரும்பு

பிரமையில்லை. 1914 மூக்கு பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டின், அதாவது உங்கள் 303-இன், மூக்கைப் பார்த்துச் செய்ததுதான். சனியனின் வளையம் குழல் மீது ஏறாமல் மூக்கின் கீழே உள்ள குமிழில் உட்காரும். உங்கள் அப்பா பார்த்தவுடன் அடையாளம் கண்டிருப்பார்.

இரண்டாவது கேள்விக்கு: இந்திய ஆயுதச் சட்டம், 1959-இன் 45-ஆம் பிரிவு பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதத்தை விலக்குகிறதுதான். ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும் என்பது அதே வரியில் இருக்கிறது. எம்/94 இன்றைக்கும் சுடும். ஆகவே அந்தக் கதவு திறக்காது.

சுவீடனிலேயே நிலைமை சுலபமில்லை. 1890-க்கு முன் செய்ததாகவும், ஒன்றிணைந்த தோட்டாவுக்கு (குண்டும் மருந்தும் ஒரே கூட்டில் இருப்பது) அல்லாததாகவும் இருந்தால்தான் உரிமம் வேண்டாம். 1870-இன் குதிரைப்படை ரெமிங்டன் கார்பைன் எவ்வளவு பழையது! ஆனாலும் அது உலோகத் தோட்டா போடுவது என்பதால் உரிமம் கேட்கும்.

கொல்லன் பட்டறை

போல்ட் எண் பொருந்தாத விஷயத்தை யாரும் தொடவில்லையே. எளிய வழி ஒன்று சொல்கிறேன். பழைய எண்ணை அரத்தால் ராவிவிட்டு, அதே அளவு எழுத்துக் குத்தி வாங்கி ரிசீவரின் கடைசி 3 இலக்கத்தைக் குத்திவிடலாம். வெள்ளை எஃகுதானே, தேய்த்துப் பளபளப்பாக்கினால் தெரியவே தெரியாது.

பழைய இரும்பு

தெரியும். குத்தின் ஓரத்தில் எழும்பும் விளிம்பு புதிதாக இருக்கும், ராவிய இடம் பக்கத்தை விடத் தாழ்ந்திருக்கும், மகுட முத்திரை பாதி காணாமல் போயிருக்கும். பூதக்கண்ணாடி எதற்கு, நகத்தால் தடவினாலே போதும்.

தெரியாவிட்டாலும் செய்யக்கூடாது. சின்னச் சின்ன உறுப்பில் எல்லாம் அந்த இலக்கங்களைக் குத்தியதே, எது எதோடு இருந்தது என்று தெரிவதற்காக. பொருந்தாத போல்ட் உண்மையைச் சொல்கிறது; பொருத்திய போல்ட் பொய்யைச் சொல்லும். இந்த யோசனையை இந்த இழையில் மறுபடி பார்க்க விரும்பவில்லை.

வெஸ்தெரோஸ்வாசி, உங்களுக்கு வேண்டியது எழுத்துக் குத்தி இல்லை, துப்பாக்கிக் கொல்லரிடம் ஒரு நடை. வேறு துப்பாக்கியின் போல்ட் இதில் உட்கார்ந்திருக்கிறது. போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையே உள்ள வெளி சரியா என்று அளவுக்கட்டை போட்டுப் பார்த்துச் சொல்வார். அதுவரை ஒரு தோட்டாவும் போடாதீர்கள். இதில் வேடிக்கை கிடையாது.

ஹட்சன்கரை

இதில் பழைய இரும்பு பக்கம். அதோடு திருப்புளி விஷயமும் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் திருப்புளியின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். திருகாணிக் காடியின் மேல் விளிம்பை மட்டும் பிடித்துப் பிய்த்துவிடும். துப்பாக்கி வேலைக்கென்று நுனியின் இரு பக்கமும் குழிவாகத் தேய்த்த திருப்புளி கிடைக்கும். துருவை ஊடுருவும் எண்ணெயை முந்தின இரவே விட்டுவையுங்கள். பிய்ந்த திருகாணிக் காடி ஒன்றே போதும், இதற்கு முன் இருந்தவர் பொறுமை இல்லாதவர் என்று காட்டிக்கொடுக்க.

வெஸ்தெரோஸ்வாசி

மூக்கில் இருக்கும் செந்துருவுக்கு என்ன செய்ய? அதற்கும் எலுமிச்சை, வினிகர் என்று வீட்டில் யோசனை சொல்கிறார்கள்.

பழைய இரும்பு

அமிலம் துருவோடு கூட எஞ்சியிருக்கும் பழைய மெருகையும் தின்றுவிடும். மூக்கைக் கழற்றி, கொழுப்பு நீக்கி, காய்ச்சி வடித்த நீரில் அரைமணி நேரம் கொதிக்கவிடுங்கள். செந்துரு அதே இடத்தில் கருந்துருவாக மாறும். பிறகு மிக மெல்லிய எஃகு நாரில் எண்ணெய் தொட்டு லேசாகத் துடைத்தால் பொடி உதிர்ந்து, அடியில் கருமை நிற்கும். பழைய முறை மெருகே ஏறக்குறைய இந்த வேதியியல்தான். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்புத் திட்டு விழும்.

வீட்டில் சொல்லிவிட்டு அவர்கள் சமைக்காத பாத்திரத்தில் செய்யுங்கள்.

வெஸ்தெரோஸ்வாசி

ஒன்பது வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், வேலை அதிகம். அதைவிட, எண்ணெய் காய நேரம் அதிகம்.

வார்னிஷ் நவீன சரக்கு, சாராயத்துக்கு அசையவில்லை. கூழ் போட்டு மூன்று தவணையில் எடுத்தேன். கடைசித் தவணையில் ஒரு மகுட முத்திரை எழும்பி வந்தது. வட்டை நான் தொடவே இல்லை, சுற்றிலும் பல்துலக்கியோடு சரி. மூக்கைக் கொதிக்கவைத்தேன், செந்துரு என் கண் முன்னாலேயே கறுத்தது. பழைய இட்லிப் பானை, இனி அது கொட்டகையில்தான்.

கொல்லர் போல்ட்டை அளந்து பார்த்து அளவுக்குள் இருக்கிறது என்றார். எண் அப்படியே இருக்கிறது.

இப்போது முக்கியமான செய்தி. மரவண்டு அண்ணா, எள் தூவியிருக்கிறது. கட்டை முழுக்க! வால்நட் இல்லை, பீச். வார்னிஷில் கரும்பழுப்புச் சாயம் கலந்து அடித்திருக்கிறார்கள்.

ரிசீவரைத் தூக்கிக் குழல் உட்காரும் பள்ளத்தைப் பார்த்தேன். உள்ளே எண் குத்தியிருக்கிறது. ரிசீவர் எண்ணோடு பொருந்துகிறது. எண் சரி, மரம் தவறா? எனக்குத் தலை சுற்றுகிறது.

பழைய இரும்பு

மரமும் தவறில்லை. 1907-இல் வால்நட் கட்டையோடு வெளியே வந்திருக்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் வால்நட் கிடைக்காமல் பீச்சுக்கு மாறினார்கள். எப்போதோ பழைய கட்டை உடைந்திருக்க வேண்டும். ஆயுதசாலை பீச் கட்டை மாட்டி, அதில் இந்தத் துப்பாக்கியின் எண்ணையே குத்தி அனுப்பியிருக்கிறது என்றுதான் நான் படிப்பேன். சுவீடன் 1814-க்குப் பிறகு போருக்குப் போகாத நாடு. ஆனாலும் கட்டை உடைய குதிரை ஒன்று விழுந்தால் போதுமே.

ஆக, இரும்பு 1907, மூக்கு 1914-க்குப் பின், கட்டை அதன் அக்கம்பக்கம், வட்டு 1941-க்குப் பின், போல்ட் வேறு வீட்டுப் பிள்ளை.

மரவண்டு

நசுங்கல் எல்லாம் எழும்பியதா, தம்பி?

வெஸ்தெரோஸ்வாசி

ஏழு எட்டு எழும்பிவிட்டது, அண்ணா. ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். இடப்பக்கம் வார் வளையம் தொங்கும் இடத்துக்குக் கீழே பிறைநிலா வடிவத்தில் ஒரு தேய்வு. வளையத்தை ஆட்டிப் பார்த்தேன். அந்தப் பள்ளத்திலேயே போய் உட்கார்ந்தது. ஈரத்துணியை நனைத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டேன்.

மரவண்டு

அது நசுங்கலே இல்லை. தேய்ந்து போன மரம் நீராவிக்கு எழும்பாது. எப்படியும் உங்களால் முடிந்திருக்காது.

எத்தனை கை எண்ணெய் ஆயிற்று?

வெஸ்தெரோஸ்வாசி

ஐந்து. ஐந்தாவது இன்னும் ஒட்டுகிறது.

மரவண்டு

அதிகமாகப் பூசிவிட்டீர்கள். டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்து எடுத்துவிட்டு, நான்கோடு நிறுத்துங்கள்.